ஒற்றைத் தாளில் ஒன்பது முறுக்கு

செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்தால் அதை மட்டும் பெயர்த்துவிட்டு வேறொன்றைப் பதிக்கலாம். பக்கத்துக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடியின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிற தனித்தனிக் கல் அது. விளிம்பு பொருந்தினால் போதும், பூவும் கட்டமும் வளவு முழுக்க ஓடும்.

அதே மாதிரி ஒரு தரையை ஒரே தாளில், வெட்டாமல் ஒட்டாமல், மடித்தே கொண்டுவர முடியும். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்து நான் செய்வது அதைத்தான். ஓரிகாமி, அதாவது ஜப்பானியக் காகித மடிப்புக் கலை என்றால் கொக்கும் கப்பலும்தான் நினைவுக்கு வரும். கட்டங்களாகப் பரவும் இந்த வகைக்கு அந்தக் கலையில் தனிக் கூட்டம் உண்டு. ஆனால் கல் தரைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே ஒரு பூ கெட்டால் பக்கத்துப் பூவும் கெடும்.

ஏன் என்று பார்க்க, சேலைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொசுவத்தில் ஒரு மேட்டு மடிப்பு, ஒரு பள்ள மடிப்பு; அந்த இடத்தில் துணி மூன்று அடுக்கு. தாளிலும் அப்படியே. துணியில் கொசுவத்தை நடுவழியில் தளர்த்திவிடலாம். தாள் இழுபடாது என்பதால் அதில் தொடங்கிய கொசுவம் விளிம்புவரை போய்த்தான் தீரும். அது நடுவில் நிற்க ஒரே வழி, வேறு கொசுவங்களோடு ஒரு முடிச்சில் சேர்வது. அந்த முடிச்சை முறுக்கு என்கிறேன். (வீட்டில் இந்தச் சொல்லைச் சொன்னால் எல்லோரும் தட்டை எதிர்பார்க்கிறார்கள்.)

செய்து பார்த்தால்தான் பிடிபடும். 16 செ.மீ. சதுரத் தாளைப் பாதி, அதில் பாதி என்று இரு பக்கமும் மடித்து 16-க்கு 16 கட்டம் போடுங்கள். நடுவில் நாலு கட்டம் சேர்ந்த சதுரத்தை எடுத்து, அதன் பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு டைமண்ட் வரும். அதன் நான்கு பக்கமும் மேட்டு மடிப்பு. ஒவ்வொரு முனையிலிருந்தும் கட்டக் கோட்டிலேயே இரண்டு மடிப்புகள் வெளியே ஓடும், ஒன்று மேடு, ஒன்று பள்ளம். ஆக 1 செ.மீ. அகலத்தில் நாலு கொசுவம், காற்றாடியின் இறக்கைகள் மாதிரி. நாலையும் ஒரே நேரத்தில் படிய வைத்தால் நடுச்சதுரம் தானாகக் கால் சுற்றுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும்.

டைமண்டின் ஒரு முனையைக் கிட்டத்தில் பாருங்கள். நாலு மடிப்புகள் கூடுகின்றன. இடையில் உள்ள கோணங்கள் வரிசையாக 45, 90, 135, 90 டிகிரி. ஒன்று விட்டு ஒன்றைக் கூட்டினால் இரண்டு பக்கமும் 180. இதைக் கவாசாகி விதி என்கிறார்கள். படிந்த தாளில் அந்த முனையைச் சுற்றி ஓர் எறும்பு நடக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அது திசை மாறும்: முன்னால், பின்னால், முன்னால், பின்னால். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்தாக வேண்டும் என்றால் முன்னால் போன கோணமும் பின்னால் வந்த கோணமும் சமம். மொத்தம் 360, அதனால் ஆளுக்கு 180. இரண்டாவது விதி மாயேகாவாவுடையது: ஒரு முனையில் மேடும் பள்ளமும் எண்ணிக்கையில் சரியாக இரண்டு வித்தியாசப்பட வேண்டும். நாலு மடிப்பு என்றால் மூன்றும் ஒன்றும்தான். எனக்கு இது தெரியாத நாளில் ஒரு முனையில் இரண்டுக்கு இரண்டாக மடித்துவிட்டு, அப்பளம்போல் உப்பிய தாளை அரை மணி நேரம் அமுக்கிக்கொண்டிருந்தேன். கிழிந்ததுதான் மிச்சம்.

சரி, பக்கத்துப் பூவுக்கு வருவோம். ஒரு முறுக்கிலிருந்து புறப்படும் கொசுவம் அடுத்த முறுக்கின் கொசுவமும்கூட. மேடும் பள்ளமும் அதில் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டன. அதனால் முதல் முறுக்கு வலமாகத் திரும்பினால் அடுத்தது இடமாகத்தான் திரும்ப முடியும், பல்சக்கரங்களைப்போல. அஞ்சு கட்டத்துக்கு ஒன்றாக ஒன்பது முறுக்கு வைத்தால் வலமும் இடமும் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி விழும். ஒவ்வொரு கொசுவமும் 2 செ.மீ. விழுங்குவதால், மூன்று கொசுவத்துக்கு 6 போய், 16 செ.மீ. தாள் 10 செ.மீ. ஆகிவிடும்.

தாளையும் பார்த்து எடுக்க வேண்டும். சார்ட் பேப்பர் மடித்த இடத்தில் வெடிக்கிறது. நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் எனக்குத் தோதாக இருக்கிறது. அதில் நார் நீளம், திரும்பத் திரும்ப மடித்தாலும் தாங்குகிறது.

முடித்ததும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். இதற்காகவே நான் மடிக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு தாள் பாதி வெளிச்சத்தை விடுகிறது என்றால் மூன்று அடுக்கு எட்டில் ஒரு பங்கைத்தான் விடும். அதனால் மேலே தெரியாத இன்னொரு கோலம் இருட்டாகத் தெரியும். ஒரு மடிப்பைத் தாண்டினால் அடுக்கு இரண்டு கூடும், அல்லது இரண்டு குறையும். அதனால் தாளின் ஓரம் குறுக்கிடாதவரை 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படைதான். நாலு அடுக்கு என்று ஓரிடம் கிடையவே கிடையாது.

இத்தகைய முறுக்குகளை 1970களில் விரிவாக ஆராய்ந்தவர் ஷூஸோ ஃபுஜிமோட்டோ என்ற ஜப்பானியப் பள்ளி ஆசிரியர். கோர்யோ மியூரா வகுத்த இன்னொரு தொடர் மடிப்பு 1995-ல் ஜப்பானின் செயற்கைக்கோள் ஒன்றில் விண்வெளிக்கே போனது. இணையம் வந்த பிறகு ஃபிளிக்கர் போன்ற படம் பகிரும் தளங்களில் ஆட்கள் வெளிச்சத்தில் பிடித்த படங்களையும் மடிப்பு வரைபடத்தையும் போட ஆரம்பித்தார்கள். முழுத் தாளையும் வரைய வேண்டாம். ஒரு முறுக்கும் கட்டக் கணக்கும் போதும், பார்க்கிறவர் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் பரப்பிக்கொள்வார். நானும் என்னுடையதை அப்படித்தான் போடுகிறேன்.

போன வாரம் அப்பத்தா படத்தை ஃபோனில் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை புள்ளி?" என்றார். 16 கட்டம் என்றால் 17 புள்ளி. "நேர்ப்புள்ளி அப்பத்தா, பதினேழுக்குப் பதினேழு" என்றேன்.

"ஊடுபுள்ளியில வராதா?"

வரும். '15 புள்ளி, 8-ல் நிறுத்தவும்' என்று கோலப் புத்தகத்தில் போட்டிருக்குமே, அந்த அறுகோணம்தான். அதில் கோணங்கள் 60, 120. மூன்று கொசுவம் கூடும் முக்கோண முறுக்கும் ஆறு கூடும் அறுகோண முறுக்கும் வரும். தாளை மூன்று திசையில் மடித்துக் கோடு போட்டுவிட்டேன், முறுக்குத்தான் இன்னும் ஒன்றும் படியவில்லை.