டென்னிஸ் ஆடாதவர்களுக்கு வரும் டென்னிஸ் எல்போ

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் இறுதியாட்டம் தொடங்கியபோது மலேசியாவில் நமக்கு இரவு மணி 9. அல்கராஸ் சின்னரை வென்றபோது நள்ளிரவு தாண்டி இரண்டரையும் ஆகிவிட்டது. 5 மணி 29 நிமிட ஆட்டம். நான்காம் செட்டில் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை சின்னருக்கு. அப்படி மூன்று முறை வந்தும் அல்கராஸ் விடவில்லை. அந்த வாரம் முழுக்க, சுங்கை சிப்புட்டில் எங்கள் பிசியோதெரபி அறைக்கு வந்த பையன்களுக்கு இதே பேச்சுதான்.

அவர்கள் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பவர். தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் கட்டைவிரலை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். முழங்கையெல்லாம் கோடாலித் தைல வாசனை.

"இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேருக்கா."

"நான் அந்த மட்டையத் தொட்டதே இல்லையே தம்பி!"

இந்த வலியோடு என்னிடம் வருபவர்களில் அநேகமாக யாரும் டென்னிஸ் ஆடுவதில்லை. மரம் வெட்டுபவர்கள், செம்பனைக் குலை அறுப்பவர்கள், ரொட்டி சானாய் வீசுபவர்கள்தான் வருகிறார்கள். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் தசைநாண் முழங்கைக்கு வெளிப்புறம் ஒட்டியிருக்கிறது. எதை இறுக்கிப் பிடித்தாலும் அது இழுபடும். ஒரு காலையில் 400, 500 மரங்களுக்கு உளி பிடிக்கும் கையில், நேற்றைய இழுப்பு ஆறுவதற்குள் இன்றைய வெட்டு தொடங்கிவிடுகிறது.

சாம்பியன்கள் இந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜோக்கோவிச் முழங்கை வலியால் 2017 விம்பிள்டனுக்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. 2018 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டு விம்பிள்டனையும் யுஎஸ் ஓபனையும் வென்றார். முன்கைக் காயத்தால் 2024இல் மோன்டே கார்லோ, பார்சிலோனா, ரோம் மூன்றையும் விட்டுக்கொடுத்த அல்கராஸ்தான் அடுத்து வந்த பிரெஞ்சு ஓபனை வென்றார். தோள்பட்டை வலி என்று அதே ஆண்டு விம்பிள்டனிலிருந்து விலகிய சபலென்கா, செப்டம்பரில் யுஎஸ் ஓபன் கோப்பையைத் தூக்கினார்.

சரி, அவர்களுக்கு விலகி நிற்க வசதி இருக்கிறது. வெட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லாதவரிடம் "ஆறு வாரம் ஓய்வெடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் வேலையோடு சேர்த்தே பார்க்கிறோம். உளி மழுங்கியிருந்தால் பிடி இன்னும் இறுகும், தினமும் தீட்டுங்கள். கைப்பிடி மெலிதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள். வாளி தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கட்டும். அப்புறம், அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, உள்ளங்கை கீழே பார்த்தபடி முன்கையை மேசை விளிம்பில் வைத்து, மணிக்கட்டை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். தூக்குவதற்கு மற்ற கை உதவலாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

ஊசி போட்டால் உடனே குறைகிறதே என்று கேட்பார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கு வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி குறைந்த தெம்பில் பழையபடி வெட்டப் போய்விடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ இது வேறு விஷயம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வேலையால் வந்த நோய்க்கும் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) விண்ணப்பிக்க முடியும் என்பது நம் தோட்டத்தில் பலருக்குத் தெரியவில்லை. மருத்துவரிடம் வெறுமனே "கை வலிக்குது" என்று சொல்லாதீர்கள். என்ன வேலை, எந்தக் கை, எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.