அந்த நிலத்தில் நின்ற தண்ணீர் இனி எங்கே போகும்?

ஆற்றை ஒட்டி ஒரு மேய்ச்சல் நிலம். ஒரு நிறுவனம் அதை வாங்கி இருநூறு வீடுகள் கட்டப்போவதாக அறிவிக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் செல்போனை நீட்டுகிறார்கள். போட்டோவில் நிலம் முழுக்கத் தண்ணீர், வேலிக் கம்பங்களின் தலை மட்டும் வெளியே தெரிகிறது. "இங்கேயா வீடு கட்டப்போறீங்க?" நிறுவனத்தின் பொறியாளர் அறிக்கையைப் புரட்டுகிறார். தரையை ஒன்றரை மீட்டர் உயர்த்தப்போகிறோம், நூறு வருட வெள்ளம் வந்தாலும் வீட்டுத் தளம் அதற்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கும், ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகாது என்கிறார். ஊர்க்காரர்கள் நம்பவில்லை. இவர்களுக்குக் கணக்குப் புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொள்கிறார்.

உலகத்தில் எங்கெல்லாமோ நடக்கிற காட்சி இது. பெரும்பாலும் அந்தப் பொறியாளர் பொய் சொல்வதில்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கினால் அந்த வீடுகள் நனையாமல் தப்பிக்கலாம். ஆனால் போட்டோவில் இருக்கிற தண்ணீருக்கு அவர் பதில் சொல்லவில்லை. போன முறை இங்கே நின்ற தண்ணீர் அடுத்த முறை எங்கே போய் நிற்கும்? எதிர்ப்பவர்கள்கூட இதை இப்படிக் கேட்பதில்லை. "வீடு மூழ்கிவிடும்" என்றே வாதாடி, அந்த வாதத்தில் தோற்றுப்போகிறார்கள்.

முதலில் அந்த நிலம் ஏன் அவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பார்ப்போம். கட்டுமானக்காரரின் கண்ணில் படுவதே அந்தத் தட்டைதான்: மரம் குறைவு, பாறை இல்லை, ரோடு போடச் சுலபம். அதைத் தட்டையாக்கியது ஆறு. ஆறு கரை தாண்டும்போது நீரின் வேகம் சட்டென்று குறைகிறது. சுமந்து வந்த மணல் கரையோரத்திலேயே விழுந்துவிடும். மெல்லிய வண்டல் இன்னும் கொஞ்ச தூரம் போய் மெதுவாகப் படியும். இப்படிப் பல நூற்றாண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் வெள்ளச் சமவெளி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மணல் விழுந்த கரையோரம் சற்று மேடாகவும், ஆற்றிலிருந்து விலகிய பின்பக்கம் பள்ளமாகவும் இருக்கும். அதனால் "ஆறு அங்கே தூரத்தில் இருக்கிறது, நாங்கள் பின்பக்கம்தான் கட்டுகிறோம்" என்று யாராவது சொன்னால் உடனே நிம்மதி அடைய வேண்டியதில்லை. தண்ணீர் கடைசியாக வடிவது அந்தப் பின்பக்கத்தில்தான்.

சரி, ஆறு எவ்வளவு அடிக்கடி கரை தாண்டும்? நாம் நினைப்பதைவிட அடிக்கடி. 1950, 60களில் அமெரிக்க நீரியலாளர் லூனா லியோபோல்டும் அவருடைய சகாக்களும் பல ஆறுகளை அளந்து பார்த்தார்கள். இயல்பாக ஓடும் ஆறு சராசரியாக ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை கரை நிரம்ப ஓடுகிறது என்று கண்டார்கள். காரணம் எளிது. சிறிய ஓட்டத்துக்கு மண்ணை அரிக்கும் பலம் இல்லை. மிகப் பெரிய வெள்ளத்துக்குப் பலம் உண்டு, ஆனால் அது அபூர்வமாகத்தான் வருகிறது. நடுத்தரமான, அடிக்கடி வருகிற ஓட்டமே மொத்தத்தில் அதிக மண்ணை நகர்த்துகிறது, ஆற்றின் அகலமும் ஆழமும் அதற்கேற்ப அமைந்துவிடுகின்றன. அதற்கு மேல் வரும் நீருக்கு ஆற்றுக்குள் இடமில்லை, சமவெளிதான் இடம். ஆறு "ஊருக்குள் புகுந்தது" என்று எழுதுகிறோம். ஆற்றின் பக்கமிருந்து பார்த்தால் அது தன் மற்றொரு அறைக்குள் போயிருக்கிறது.

அந்த அறையில் தண்ணீர் என்ன செய்கிறது? தாமதிக்கிறது. ஆற்றுக்குள் ஆள் ஓடும் வேகத்தில் வந்த நீர், புல்லிலும் புதரிலும் ஏறியதும் குழந்தை தவழும் வேகத்துக்கு இறங்குகிறது. கீழே இருக்கும் ஊருக்கு மொத்தத்தில் போய்ச் சேரும் நீர் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் ஒரே இரவில் பாய்வதற்குப் பதில் நாலைந்து நாளாகப் பிரிந்து போகிறது. வெள்ளத்தில் சேதம் செய்வது மொத்த அளவைவிட அந்த உச்சம்தான்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 2011 ஆகஸ்ட் கடைசியில் ஐரீன் புயல் கொட்டித் தீர்த்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. ஆட்டர் கிரீக் என்ற ஆறு ரட்லண்ட் என்ற ஊரைக் கடந்து, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மிடில்பரிக்கு வருகிறது. ரட்லண்டில் உச்ச ஓட்டம் நொடிக்குச் சுமார் 440 கனமீட்டர். வழியில் ஓடைகள் சேர்வதால் கீழே போகப் போக ஆறு பெரிதாக வேண்டும். ஆனால் மிடில்பரியில் உச்சம் சுமார் 175 கனமீட்டர்தான், அதுவும் பல நாட்கள் கழித்து. நடுவே பெரிய அணை எதுவும் இதைச் செய்யவில்லை. சதுப்பும் வயலுமாக, யாரும் வீடு கட்டாமல் விட்டுவைத்த அகலமான சமவெளி செய்தது. ஐரீனை அடுத்து மிடில்பரியை எந்தச் செய்தியிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒன்றும் ஆகாத ஊரை யார் போட்டோ எடுக்கப் போகிறார்கள்?

இப்போது மேய்ச்சல் நிலத்துக்கு வருவோம். பத்து ஹெக்டேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தின்போது அதில் சராசரியாக அரை மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்றால் 50,000 கனமீட்டர், அதாவது 5 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 5,000 லாரி. நிலத்தை மேடாக்கினால் இந்த 5,000 லாரித் தண்ணீருக்கும் இடம் போயிற்று. கொஞ்சம் எதிர்க்கரையில் ஏறும். கொஞ்சம் பாதை குறுகியதால் தேங்கி, மேல்பக்கம் நீர்மட்டத்தை உயர்த்தும். மீதி முன்பைவிடச் சீக்கிரமாகக் கீழ்ப்பக்கம் போய் அங்கே உச்சத்தைக் கூட்டும். புதிய வீடுகளின் கூரையிலும் ரோட்டிலும் விழுகிற மழை வேறு. மண்ணில் இறங்க வழியில்லாத ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே நூறு கனமீட்டர் வடிகாலுக்கு வந்துவிடும்.

பொறியாளர் இதற்கும் தயாராக வந்திருப்பார். "கம்ப்யூட்டர் மாடலில் வெள்ளத்தை ஓட்டிப் பார்த்துவிட்டோம், நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர்தான் உயர்கிறது, புறக்கணிக்கத்தக்கது." அதுவும் உண்மையாகவே இருக்கலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். ஆனால் தண்ணீர் வாசற்படியில் நிற்கும்போது சாணுக்கும் முழத்துக்கும் பேச்சே வேறு. வெள்ளச் சேதம் படிப்படியாக ஏறுவதில்லை, தாவுகிறது. வாசலுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நின்றால் வாசலைக் கழுவிவிட்டால் போதும். ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறினால் தரை, கதவு, மெத்தை, சுவருக்குள் ஓடும் மின்கம்பி எல்லாம் போச்சு. சேறு நாற்றம் போக மாதக்கணக்காகும்.

தவிர, அந்த ஒரு சென்டிமீட்டர் ஒரு திட்டத்துடையது. அடுத்த வருடம் மேலே இன்னொரு நிறுவனம், அப்புறம் ஒரு கிடங்கு, அதற்குப் பிறகு புறவழிச்சாலையின் மேடு. ஒவ்வொன்றின் அறிக்கையும் "புறக்கணிக்கத்தக்கது" என்றுதான் முடியும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிற அறிக்கையை யாரும் எழுதுவதில்லை, அதற்குக் காசு கொடுக்க ஆள் இல்லை. இந்தக் கூட்டலை விதியிலேயே எழுதிவைத்த நாடும் உண்டு. அமெரிக்காவில் ஆற்றை ஒட்டி ஒரு பட்டையை வெள்ளப் பாதை என்று ஒதுக்குகிறார்கள். அதற்கு வெளியே இருக்கும் சமவெளி முழுவதும் அடைபட்டாலும் நூறு வருட வெள்ளத்தின் மட்டம் ஓர் அடிக்கு மேல் உயரக்கூடாது என்ற கணக்கில் அந்தப் பட்டையின் அகலம் முடிவாகிறது. ஓர் அடி என்பது சுமார் 30 சென்டிமீட்டர். அந்த உயர்வு ஏற்கெனவே அங்கே குடியிருப்பவருடைய வீட்டில்தான் ஏறும் என்பதை யோசித்தால் எனக்கு இந்த விதி கொஞ்சம் தாராளமாகவே படுகிறது.

"இழந்த கொள்ளளவுக்கு ஈடாக ஒரு குளம் வெட்டித் தருகிறோம்" என்பது அடுத்த பதில். கேட்க நியாயமாக இருக்கும். பலர் ஏமாறுகிற இடமும் இதுதான், அதனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேடாக்கப்போகும் நிலம், கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டருக்கும் பத்தரை மீட்டருக்கும் நடுவே தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று வையுங்கள். வெள்ளம் ஏறி உச்சத்தைத் தொடும் அந்தக் கடைசிச் சில மணி நேரத்தில் வேலை செய்த இடம் அது. வெட்டிய குளமோ 8 மீட்டர் மட்டத்தில் கிடக்கிறது. ஆறு ஏறத் தொடங்கியதுமே குளம் நிரம்பிவிடும். உச்சம் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் அதில் ஒரு குடத்துக்குக்கூட இடமிருக்காது. ஆற்றோரக் குளமென்றால் நிலத்தடி நீர் ஊறி வெள்ளத்துக்கு முன்பே பாதி நிரம்பியிருக்கும், அந்தப் பாதி எந்தக் கணக்கிலும் சேராது. எந்த உயரத்தில் இடம் போனதோ, அதே உயரத்தில் இடம் தர வேண்டும். பொதுவாக அதற்குச் சமவெளியின் விளிம்பில் இருக்கும் மேட்டைச் செதுக்க வேண்டும். அந்த மேடு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வெள்ளம் தானாக அங்கே வந்து போக வழியும் இருக்க வேண்டும். அறிக்கையில் குளத்தின் கனஅளவை மட்டும் போட்டு, எந்த மட்டத்தில் என்று போடாமல் இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

நூறு வருட வெள்ளம் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு வருடமும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு. முப்பது வருட வீட்டுக்கடனோடு ஒப்பிட்டால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒன்று! அந்த 1 சதவீதமும் பழைய பதிவுகளிலிருந்து கணித்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது, ஆகவே பழைய மழையை வைத்து நாளைய வெள்ளத்தை அளப்பதில் ஒரு பற்றாக்குறை இருந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்களின் போட்டோவுக்கு மதிப்பு. வெள்ள மாடல் என்பது சமன்பாடுகளின் தொகுப்பு, புல்லின் தடையும் பாலத்தின் அடைப்பும் அதில் ஊகித்துப் போடும் எண்கள். அந்த ஊகம் சரியா என்று பார்க்க, உண்மையில் தண்ணீர் எங்கே நின்றது என்று தெரிய வேண்டும். வேலியில் வைக்கோலும் பிளாஸ்டிக்கும் சிக்கி நிற்கிற கோடு, பழைய சுவரில் படிந்த சேற்று வரி, தேதியும் நேரமும் உள்ள போட்டோ: இவை உணர்ச்சிவசப்பட்ட ஆதாரங்கள் இல்லை, அளவீடுகள். மாடல் தரும் மட்டமும் வேலியில் சிக்கிய வைக்கோலும் ஒத்துப்போகவில்லை என்றால் வைக்கோல் பக்கம்தான் நான் நிற்பேன். எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஆற்றின் மேல் உள்ள அக்கறையில் வருவதில்லை, ஒத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியாகத் தெரியும் பச்சை போய்விடுமே என்று வருபவர் உண்டு. அதே சமவெளியில் இருபது வருடம் முன்பு வீடு கட்டியவரும் உண்டு. அதற்காக 5 கோடி லிட்டர் குறைந்துவிடாது.

மேடாக்க வேண்டாம், கரையில் சுவர் கட்டிவிடலாம் என்பார்கள். அடியில் சரளையும் மணலும் இருந்தால் தண்ணீர் சுவருக்குக் கீழே புகுந்து உள்பக்கம் ஊற்றாகக் கிளம்பும். உள்ளே பெய்த மழை வெளியேற முடியாமல் பம்பை நம்பிக் கிடக்கும். இதையெல்லாம்விட மோசமானது சுவர் தரும் தைரியம். 1940களில் அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட் எச்சரித்த விஷயம் இது. கரை கட்டியதும் பயம் போகிறது, பின்னால் வீடுகள் பெருகுகின்றன, பிறகொரு நாள் கரையை மிஞ்சி வெள்ளம் வரும்போது நஷ்டம் முன்பைவிடப் பெரிதாகிறது. கரைகளுக்கு நடுவே அடைபட்ட வண்டல் போக இடமின்றி ஆற்றின் அடியிலேயே படியும். சீனாவின் மஞ்சள் ஆறு பல இடங்களில் பக்கத்து நிலத்தைவிட உயரத்தில் ஓடுவது இப்படித்தான்.

தூண் வைத்துக் கட்டினால்? மற்றவற்றைவிட நேர்மையான வழி, தண்ணீர் அடியில் போய்விடும். கட்டிய புதிதில்தான். சில வருடத்தில் ஒருவர் கீழே கார் நிறுத்துவார், இன்னொருவர் பலகை அடித்துச் சாமான் போடுவார், அடுத்தவர் வலை கட்டுவார், வெள்ளம் கொண்டுவரும் செத்தை அதில் அடைத்துக்கொள்ளும். வீடு நனையாவிட்டாலும் ரோடு நனையும் என்பதும் இருக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டர் பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தவருக்கு, உலர்ந்த தளமும் சுற்றிலும் நாற்பது சென்டிமீட்டர் தண்ணீரும் என்றால், அது வீடு இல்லை, தீவு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு மேல்பக்கம், சார்லஸ் ஆற்றில் 1970களில் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். அணை கட்டுவதைவிடச் சதுப்பு நிலங்களை விலைக்கு வாங்கி அப்படியே விட்டுவிடுவது மலிவு என்று, அங்கே அணை கட்டும் வேலையைச் செய்கிற ராணுவப் பொறியாளர்களே கணக்குப் போட்டார்கள். சுமார் 8,000 ஏக்கர் அப்படிக் காப்பாற்றப்பட்டது.

முன்பே கட்டிவிட்ட இடத்தில் என்ன செய்வது? நெதர்லாந்தில் 1995 ஜனவரி இறுதியில் ஆறுகள் பெருகி, இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. இன்னும் உயரமாகக் கரை கட்டிக்கொண்டே போக முடியாது என்று, ஆற்றுக்கு இடம் விடும் ஒரு பெரிய திட்டத்தில் இறங்கினார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிர்க்கரையில் லென்ட் என்ற ஊர். வால் (Waal) என்ற ஆறு அங்கே குறுகி வளைகிறது. கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள், வழியில் இருந்த சுமார் ஐம்பது வீடுகளை வாங்கி இடித்தார்கள், ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ள நேரத்து நீர்மட்டம் அங்கே சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கியது. பழைய லென்ட்டின் ஒரு துண்டு இப்போது இரண்டு நீரோட்டங்களுக்கு நடுவே தீவாக நிற்கிறது, பாலம் வழியாகப் போகலாம்.