ஒட்டிப்போன இரண்டு மரபணுக்கள்: பிள்ளைகளுக்கு வரும் ஓர் அரிய லிம்ஃபோமா

பிள்ளைக்குக் கழுத்தில் நெறி கட்டினால் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. தொண்டைப்புண், சொத்தைப்பல், தலையில் ஒரு சிரங்கு என்று ஏதாவது காரணம் இருக்கும், சில வாரங்களில் வற்றிவிடும். வற்றாமல் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் நம் ஊர் மருத்துவர்கள் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால் அனாபிளாஸ்டிக் லார்ஜ் செல் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஒளிந்துகொள்ள அந்தச் சந்தேகமே வசதியாகிவிடுகிறது.

லிம்ஃபோமாக்களை ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமாக்களில் 10 முதல் 15 சதவீதம்தான் இது. காய்ச்சல் வரும், போகும். கட்டி சில நாள் தானாகவே சுருங்குவதும் உண்டு. சிலருக்குத் தோலில் தடிப்பு வரும். இடையில் யாராவது ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் வீக்கம் மளமளவென்று வடிந்துவிடும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அதற்கப்புறம் எடுக்கும் பயாப்சியில் (கட்டியிலிருந்து சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) எதுவும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். காரணம் தெரியாத கட்டிக்கு, பயாப்சி எடுக்கும் முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்று புற்றுநோய் மருத்துவர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்வது இதனால்தான்.

ஊசியால் உறிஞ்சி எடுக்கும் நாலு செல்லும் போதாது. முடிந்தால் முழு நிணநீர்க் கணுவையே எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த நோயின் ஒரு வகையில் புற்றுசெல்கள் கொஞ்சமாக, சிறிய ரத்தக்குழாய்களைச் சுற்றி ஒண்டியிருக்கும். மீதி இடத்தையெல்லாம் சாதாரண அழற்சி செல்கள் நிறைத்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது வெறும் தொற்றாகவே தெரியும். குதிரை லாடம்போல் வளைந்த உட்கருவுடைய பெரிய செல் ஒன்று கண்ணில் பட்டால்தான் சந்தேகம் பிறக்கும்.

அடுத்தது சாயச் சோதனை. சி.டி.30 என்ற புரதம் இந்தச் செல்களின் மேற்பரப்பில் அடர்ந்திருப்பதை ஜெர்மனியின் ஹரால்ட் ஸ்டைன் குழுவினர் காட்டி, 1985இல் இதைத் தனி நோயாக அடையாளப்படுத்தினார்கள். நோயின் மூலம் பிடிபட்டது 1994இல், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில். 2ஆம் குரோமோசோமும் 5ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் பிறந்தது என்.பி.எம்.-ஏ.எல்.கே. என்ற கலப்பு மரபணு.

ஏ.எல்.கே. மரபணு கருவில் நரம்புகள் வளரும்போது வேலை செய்வது. நிணநீர் செல்களில் அது வாய் திறப்பதே இல்லை. என்.பி.எம். அப்படியல்ல, எல்லா செல்களிலும் ஓயாமல் உற்பத்தியாகும் புரதம். இரண்டும் ஒட்டியதும் ஏ.எல்.கே.யும் அதே வேகத்தில் உற்பத்தியாகிறது. இன்னொரு வம்பும் உண்டு. என்.பி.எம். புரதங்களுக்கு ஒன்றோடொன்று சேரும் குணம். அவை சேரும்போது, கூடவே இழுத்துவரப்பட்ட ஏ.எல்.கே. பகுதிகளும் அருகருகே வந்து ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வராமலே 'பெருகு, சாகாதே' என்ற கட்டளை செல்லுக்குள் போய்க்கொண்டே இருக்கும். என்.பி.எம். உட்கருவுக்குள் போய்வரும் புரதம் என்பதால், ஏ.எல்.கே. புரதத்துக்குச் சாயமேற்றிய கண்ணாடிச் சில்லில் உட்கரு, அதன் வெளிப்புறம் இரண்டுமே பழுப்பாகத் தெரியும். பிள்ளைகளுக்கு வரும் இந்த லிம்ஃபோமாவில் 90 சதவீதத்துக்கு மேல் ஏ.எல்.கே. உள்ளவையே.

சிகிச்சை என்றால் முதலில் கீமோதான். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்திய ஏ.எல்.சி.எல்.99 ஆய்வின் வழியில், ஆறு சுற்று. நாலில் மூன்று பிள்ளைகளுக்கு நோய் திரும்புவதில்லை. மீதிப் பேருக்குத் திரும்பினால்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மருந்து வருகிறது: வின்பிளாஸ்டின். நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இந்த இலைச்சாற்றைச் சர்க்கரை நோய்க்காகத்தான் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்தன. 1958இல் மருந்து வெளிப்பட்டது. நோய் திரும்பிய பிள்ளைகளுக்கு வாரம் ஒரு ஊசி, வேறு மருந்தே இல்லாமல் இதை மட்டும் போட்டதில், பத்தில் எட்டுப் பேருக்கு நோய் மறைந்ததாக 2009இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். பலருக்குப் பிறகு திரும்பவும் வந்தது, உண்மைதான். ஆனாலும் ஒற்றை மருந்துக்கு இது பெரிய காரியம். (செடியைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு.)

புது மருந்துகளில் கிரிசோட்டினிப் நேராக ஏ.எல்.கே.யின் வாயை அடைக்கும் மாத்திரை. நோய் திரும்பிய பிள்ளைகளுக்கு இதைத் தர 2021 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்தது. பிரென்டக்சிமாப் வேடோட்டின் சி.டி.30ஐத் தேடிப் பற்றிக்கொண்டு, செல்லுக்குள் நஞ்சை இறக்குகிறது.

மாத்திரை வேகமாகக் கேட்கும். எப்போது நிறுத்துவது என்பதுதான் சிக்கல். நிறுத்தியபின் சில வாரங்களிலேயே நோய் பாய்ந்து வந்தவர்கள் உண்டு. அதனால் சில பிள்ளைகளுக்கு மாத்திரையால் நோயை அடக்கிவிட்டு, வேறொருவரின் ஸ்டெம்செல்லை (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச்செல்) மாற்றிவைக்கிறார்கள். யாருக்கு அது தேவை என்று கணிக்க ரத்தமே உதவுகிறது. என்.பி.எம்.-ஏ.எல்.கே.யின் ஆர்.என்.ஏ. (அந்த மரபணுவின் நகல்) ரத்தத்தில் மிச்சமிருக்கிறதா என்று பி.சி.ஆர். முறையில் தேடலாம். கூடவே, பிள்ளையின் உடம்பே ஏ.எல்.கே.க்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்புரதத்தின் அளவையும் பார்ப்பார்கள். நோய் கண்டறியும்போதே ஆர்.என்.ஏ. தெரிந்து, எதிர்ப்புரதமும் குறைவாக இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் நோய் திரும்பும் ஆபத்து அதிகம்.