கடலில் எடுத்த பழைய பொருளை மதுரைக்குக் கொண்டுவரும் முன்

எங்கள் தெருத் தம்பி ஒருவன் ராமநாதபுரம் கரையில் ஸ்கூபா முக்குளிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது பையில் ஒரு செம்புத் தகடு கொண்டுவந்தான். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அந்தக் கால மரக்கப்பல்களைப் புழு அரிக்காமல் இருக்க அடிப்பக்கத்தில் செம்பு அடித்திருப்பார்கள். அந்தத் தகடாக இருக்கலாம் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார். பையன் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். மூன்றாம் நாள் ஒருவர் விலை கேட்டார். ஐந்தாம் நாள் போலீஸிலிருந்து போன் வந்தது. அவன் திருடவில்லை, ஒப்படைக்கத்தான் நினைத்தான். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அவனோடு நானும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதால் இதை எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் எல்லோரும் நம்பும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் கொடு, முக்கால் பங்கு உனக்கு." இது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் இருப்பதுதான். கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கிடைத்ததற்கு அது பொருந்தும். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அந்த முக்கால் பங்கும் நினைக்கிற மாதிரி வராது. அரசே எடுத்துக்கொள்ள முடிவு செய்தால் உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான் தரும். பழமைக்கு விலை கிடையாது.

கடலில் மூழ்கிய கப்பலின் பொருளுக்கு வழி வேறு. வணிகக் கப்பல் சட்டம் அதைத் தனியாகப் பேசுகிறது. கடலில் எடுத்தாலும் கரை ஒதுங்கியதைப் பொறுக்கினாலும் ஒன்றுதான். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிதைந்த கப்பல் பொருட்களுக்கென மத்திய அரசு நியமித்த அதிகாரியிடம் அதைக் கூடிய சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் வந்து கேட்க ஓராண்டு அவகாசம். மீட்டவருக்கு நியாயமான மீட்புக் கூலி. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதியதை நிறைவேற்றியிருப்பதால், பிரிவு எண்ணை எழுதி வாதாடாதீர்கள். எங்கே, எந்தத் தேதியில், எத்தனை ஆழத்தில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இந்த அதிகாரியைத் தேடி மதுரையில் அலைய வேண்டாம். நாங்கள் அலைந்தோம். ஓர் அலுவலகத்தில் "இது தொல்லியல் சமாச்சாரம்" என்றார்கள். அடுத்த இடத்தில் "கடலுக்குள்ளே கிடந்ததை நாங்க எப்படிங்க வாங்குறது, கஸ்டம்ஸைப் பாருங்க" என்றார்கள். மூன்றாவது இடத்தில் "போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றார்கள். போலீஸில் கேட்ட முதல் கேள்வி, "ஏன் தம்பி இவ்வளவு நாள் வச்சிருந்த?" அந்த நாட்களெல்லாம் வரிசையில் நின்ற நாட்கள். அதற்குத்தான் எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே நேரில் போவதற்கு முன்பே கடிதம் அனுப்புங்கள். பொருள் கிடைத்த மாவட்டத்தின் கலெக்டருக்கு ஒன்று, துறைமுக அதிகாரிக்கு ஒன்று, சுங்கத்துறைக்கு ஒன்று, மூன்றும் ஒரே வாசகம். "பொறுப்புள்ள அலுவலருக்கு இதை அனுப்பி வைக்கவும், பொருளை ஒப்படைக்கத் தயாராக உள்ளேன்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். ஒப்புகை கேட்டுத் தபாலில் போடுங்கள். "வாயால சொன்னாப் போதும், நாங்க பாத்துக்கிறோம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி வனத்துறைப் பக்கம் இருக்கிறது. தம்பி கொண்டுவந்த தகட்டின் ஓரத்தில் காய்ந்த பவளம் ஒட்டியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. பவளமும் கடல் விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அந்த வழக்கில் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. பல ஆண்டு கடலில் கிடந்த நங்கூரம், பீங்கான், ஜாடி எதுவானாலும் மேலே ஏதாவது உயிர் வளர்ந்திருக்கும். பழம்பொருளை எடுத்தேன் என்று நீங்கள் சொல்வீர்கள், பவளத்தை எடுத்தாய் என்று அவர்கள் எழுதுவார்கள். தொடாமல் படம் மட்டும் எடுத்துவிட்டு மேலே வாருங்கள்.

இடமும் முக்கியம். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அங்கே முக்குளிக்க வனத்துறை அனுமதி வேண்டும். "பெர்மிஷன் எல்லாம் நம்ம கையில இருக்குண்ணே" என்று படகுக்காரர் சொன்னால், அந்தக் காகிதத்தைப் படகு ஏறும் முன் கண்ணால் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது படகுக்காரர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்.

விற்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விடுங்கள். 100 ஆண்டைத் தாண்டியது தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டாலும் தப்பிக்க முடியாது. கடைக்காரரும் சேர்ந்து மாட்டுவார்.

எடுக்காதே என்று சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. பூம்புகார் கடலில் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் ஈயக் கட்டிகள் இருந்தன. அவற்றில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. கிடந்த இடத்திலேயே பார்த்ததால்தான் அந்தச் சரக்கின் காலமும் வழியும் தெரிந்தன. ஆளுக்கு ஒரு கட்டி எடுத்துப்போயிருந்தால் வெறும் ஈயம்தான். நம் வைகை கடலைத் தொடும் அழகன்குளத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் கப்பல் வரைந்திருக்கிறது. மதுரைக்கும் கடலுக்கும் இருந்த உறவு அப்படிப்பட்ட சில்லுகளில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். கடலில் ஊறிய மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், இரும்பு உதிரும். ஒப்படைக்கும் வரை தண்ணீரிலேயே கிடக்கட்டும்.

கரை ஒதுங்கும் கன்டெய்னர் பக்கமே போகாதீர்கள். 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 12 கன்டெய்னர்களில் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு வரும். 200 மீட்டர் தள்ளி நின்று 112, அல்லது கடலோரக் காவல் போலீஸ் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

கடிதம் போட்டு ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், "என் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் உள்ளது" என்று இரண்டே கேள்வி. உங்களிடம் வாயால் "எங்க வேலை இல்லை" என்று சொல்லலாம். இந்த மனுவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவர்கள் வேலை இல்லையென்றால் 5 நாளில் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், 30 நாளில் பதில் வரவேண்டும். எங்களுக்கு வழி திறந்தது இதில்தான்.

கடைசியில் தகட்டை வாங்கிக்கொண்டு தந்த ரசீதில் "பழைய தகடு - 1" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எடை, அளவு, புகைப்படம் சேர்க்கச் சொல்லி இன்னொரு நாள் போக வேண்டியிருந்தது. நீங்கள் பொருளைக் கையை விட்டு விடும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் எடுத்துக்கொண்டால், சாட்சிகள் முன் கைப்பற்றியதை எழுதும் மகஜரின் நகலும் அதே இடத்தில், அதே நேரத்தில்.