பயாஸ் அப்டேட்டில் நின்றுபோன கம்ப்யூட்டரை யாரும் ஃபார்மட் செய்யாதீர்கள்

போன வாரம் என் மேசைக்கு வந்த ஒரு லேப்டாப்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கொண்டுவந்தவர் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண். இரவு ஷட் டவுன் கொடுக்கும்போது ஏதோ அப்டேட் என்று வந்திருக்கிறது. அது பயாஸ் (பவர் போட்டதும் கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் என்று அவருக்குத் தெரியாது, இப்போதெல்லாம் விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிடுகிறது. பட்டை பாதி ஓடி, திரை கறுத்துப்போய், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கிறார். அதன் பிறகு ஃபேன் சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது.

இதுவரை நடந்தது எல்லாமே சரிசெய்யக்கூடியது. மறுநாள் நடந்ததுதான் சரிசெய்ய முடியாதது. தெரிந்தவர் ஒருவர் "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு" என்று சொல்லி, ஃபைல்கள் எல்லாம் இருக்கும் டிரைவான எஸ்எஸ்டியைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். லேப்டாப் அப்போதும் எழவில்லை. எப்படி எழும்?

நான் பயாஸ் சிப்பைப் படித்துப் பார்த்து, கெட்டுப்போன பகுதியில் சரியான ஃபைலை எழுதினேன். அரை மணி நேர வேலை. திரையில் வெளிச்சம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது, அப்புறம் காலியான டெஸ்க்டாப்பைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, என் ஃபோல்டர் எல்லாம் எங்கே?" பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மட்டுக்குப் பிறகும் தோண்டிப் பார்க்கலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் கொடுத்ததுமே ‘இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை’ என்று டிரிம் கட்டளை போய்விடும், மிச்சத்தை டிரைவே உள்ளுக்குள் துடைத்துவிடும். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

தயவுசெய்து இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பயாஸ் வேறு, விண்டோஸ் வேறு. பயாஸ் இருப்பது மதர்போர்டில் ஒட்டியிருக்கும் எட்டுக் கால் சிப் ஒன்றில், பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி. உங்கள் படங்கள், கணக்குகள், ஆய்வு எல்லாம் இருப்பது டிரைவில். சிப்பில் பிழை என்றால் கம்ப்யூட்டர் டிரைவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அதில் விண்டோஸ் இருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. லோகோகூட வராத கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் மீது பழி போடுவது, வாசல் கதவு திறக்கவில்லை என்று பூஜை அறையை இடிப்பது மாதிரி. லோகோ வரவில்லையா, எஃப்2 (சில கம்பெனிகளில் வேறு கீ) அழுத்தினால் பயாஸ் செட்டிங் திரை வரவில்லையா, அப்படியானால் டிரைவில் கை வைக்க எந்தக் காரணமும் இல்லை. யார் சொன்னாலும், எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும்.

அடுத்தது, மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அந்த பேட்டரி காப்பாற்றி வைப்பது கடிகாரத்தையும் சில செட்டிங்குகளையும்தான். அப்டேட் நல்லபடியாக முடிந்து, பழைய செட்டிங் ஒத்துவராமல் திணறும் கம்ப்யூட்டருக்கு அது உதவும். பாதி எழுதி நின்ற சிப்புக்கு உதவாது. ஃப்ளாஷ் சிப்பில் எழுதியது கரண்ட் இல்லாமலேயே நிற்கும், தப்பாக எழுதினாலும் அப்படியே நிற்கும்.

இன்னொன்று, உண்மையில் அப்டேட் தோற்றுத்தான் போனதா? புது பயாஸ் ஏறியதும் ராமை முதலிலிருந்து பழகிக்கொள்ள கம்ப்யூட்டருக்கு நேரம் வேண்டும். டிடிஆர்5 ராம் உள்ளவற்றில் பல நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பதறிப்போய் அணைத்துக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். சார்ஜரை மாட்டிவிட்டு அரை மணி நேரமாவது தொடாமல் இருங்கள். அந்தப் பெண்ணும் அப்படிப் பதறித்தான் அணைத்தார், அவர்மேல் குற்றமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

அப்படியும் எழவில்லையா, சரி, கழற்றுவதற்கு முன் கம்பெனியே வைத்திருக்கும் வழியைப் பாருங்கள். எச்பி லேப்டாப்பில் விண்டோஸ் கீயையும் ‘பி’ கீயையும் சேர்த்து அழுத்தியபடி பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்தி விட வேண்டும், கீகளை மட்டும் விடக் கூடாது, வேலை செய்யவில்லை என்றால் ‘பி’க்குப் பதில் ‘வி’. டெல் லேப்டாப்பில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடி சார்ஜரைச் செருகினால், வசதி இருக்கும் மாடல்களில் ரிகவரி திரை வரும். டெஸ்க்டாப்பில் ஆசஸின் பயாஸ் ஃப்ளாஷ்பேக், கிகாபைட்டின் க்யூ-ஃப்ளாஷ் பிளஸ், எம்எஸ்ஐயின் ஃப்ளாஷ் பயாஸ் பட்டன் என்று ஏதாவது பட்டன், போர்டில் கேபிள்கள் மாட்டும் பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ப்ராசஸர், ராம்கூட வேண்டாம், கரண்டும் பென் டிரைவும் போதும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதில் போடும் பயாஸ் ஃபைலின் பெயர் அந்த போர்டு எதிர்பார்க்கும் பெயராகவே இருக்க வேண்டும். பாதிப் பேருக்குத் தோற்பது இந்த இரண்டில்தான். மாடலும் ரிவிஷனும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும், ‘கிட்டத்தட்ட அதே மாடல்’ ஆகாது.

இதுவும் பலிக்கவில்லை என்றால் புரோகிராமர் கருவியால் சிப்பில் நேரடியாக எழுத வேண்டும். இந்த வேலையைப் புதிதாகச் செய்யும் தம்பிகளுக்கு: முதலில் சிப்பில் இருப்பதைப் படித்துச் சேமி, இரண்டு முறை படி, இரண்டும் ஒத்துப்போனால்தான் அழி. அந்தச் சிப்பில் சீரியல் நம்பர், விண்டோஸ் லைசென்ஸ் கீ எல்லாம் இருக்கும், வேறொருவர் லேப்டாப்பில் எடுத்த ஃபைலை அப்படியே ஏற்றினால் அதெல்லாம் போய்விடும். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 கொடுத்துப் பொசுக்காதீர்கள். மலிவான சிஎச்341ஏ புரோகிராமர்கள் பல, டேட்டா கால்களில் 5 வோல்ட் விடுகின்றன, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கம்ப்யூட்டர் எழுந்த பிறகு பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண் கேட்டால் மிரள வேண்டாம், பயாஸ் மாறினால் அது கேட்கத்தான் செய்யும். பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும், எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டே மறந்துபோய் நிற்பவர்களையும் பார்க்கிறேன். இன்றைக்கே, கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே, அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "டிரைவைத் தொட வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.