பெயரை ஏற்காத பெயர்ப் பெட்டி

தமிழ்நாட்டில் இணையப் படிவம் நிரப்பிய பலருக்கும் ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்ற சிவப்பு வரி பழக்கம்தான். இனிஷியலும் ஒரே பெயரும் உள்ளவர் என்ன செய்வார்? சிலர் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பார்கள், பெட்டி ஏற்காது. சிலர் தன் பெயரையே இரண்டாவது முறையும் எழுதுவார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள். படிவம் தேறிவிடும், தரவுத்தளத்தில் பொய் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வேறோர் இடத்தில், ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும்.

மென்பொருள் சோதனை வேலையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். குப்பையை உள்ளே விடும் படிவங்களைவிட, சரியானதை வெளியே நிறுத்தும் படிவங்கள்.

தமிழிலேயே பெயர் வாங்கும் படிவங்களில் நிலைமை இன்னும் மோசம். ‘எழுத்துகள் மட்டும்’ என்று ரெஜெக்ஸ் (எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் விதி) எழுதுபவர், எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு தரும் யூனிகோடின் ‘எழுத்து’ வகையை மட்டும் அனுமதித்துவிடுவார். செல்வி என்று தட்டினால் ச, ல, வ மூன்றும் அந்த வகையில் வரும். ஒற்றைக்கொம்பும் புள்ளியும் மேல்விலங்கும் ‘குறி’ என்ற வேறு வகை. செல்விக்குப் பெயர் எழுதத் தெரியவில்லை என்று படிவம் சொல்லிவிடும்! குறி வகையையும் சேர்த்தால் தீர்ந்தது. நீள வரம்பையும் பாருங்கள்: கிருஷ்ணமூர்த்தி நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 15 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 45 பைட். 30 பைட் ஒதுக்கிய இடத்தில் பெயர் முழுதாக நிற்காது.

பெயரில் தாராளமாக இருங்கள், எண்களில் கறாராக இருங்கள். ஆதார் எண் 12 இலக்கம். அதன் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து வெர்ஹோஃப் என்ற பிழை காணும் முறையில் கணக்கிட்டு வைத்தது. ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இத்தனை வசதி இருந்தும் பல படிவங்கள் 12 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. அட்டையில் நான்கு நான்காக அச்சிட்டிருப்பதைப் பார்த்து இடைவெளி விட்டுத் தட்டியவரிடம் மட்டும் சண்டைக்கு நிற்கின்றன. இடைவெளியை நீக்குவது நிரலுக்கு ஒரு வரி வேலை. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுபவர்கள் ஏராளம். ‘தவறான உள்ளீடு’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ஐந்தாவது இடத்தில் பூஜ்யம் வேண்டும் என்று சொன்னால் அவரே திருத்திக்கொள்வார். நிரப்பிய மற்ற பெட்டிகளை மட்டும் தயவுசெய்து காலி செய்துவிடாதீர்கள்.

பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு பயனருக்குச் செய்யும் உதவி, அவ்வளவுதான். எஃப்12 தட்டி பிரவுசரின் உருவாக்குநர் கருவிகளைத் திறக்கத் தெரிந்தவர் அதை நொடியில் தாண்டிவிடுவார். அத்தனை விதிகளையும் சர்வரில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். பெட்டி வழியாகத் தரவுத்தளக் கட்டளையை நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்குப் பயந்து ஒற்றை மேற்கோள் குறியைத் தடை செய்பவர்களும் உண்டு. தூத்துக்குடி டி'குரூஸ்கள் என்ன செய்வார்கள்? தட்டிய மதிப்புகளைத் தரவுத்தள வினவலுக்குள் ஒட்டாமல் தனி அளவுருவாக அனுப்பினால் அந்தக் குறி தன்பாட்டுக்கு இருக்கும்.

டெஸ்க்டாப் மென்பொருளில் வேறு தொல்லை. விசை அழுத்தும்போதே எழுத்துகளைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். வலது சொடுக்கில் ஒட்டினால் எல்லாம் உள்ளே வரும். விண்டோஸ் படிவங்கள் எழுத உதவும் வின்ஃபார்ம்ஸில், பெட்டியைச் சரிபார்க்கும் ‘வேலிடேட்டிங்’ நிகழ்வில் கேன்சலை ‘ட்ரூ’ ஆக்கினால், சரியாக நிரப்பும்வரை கர்சர் அந்தப் பெட்டியை விட்டு நகராது. ‘ரத்து’ பொத்தானைக்கூட அழுத்த முடியாது. அந்தப் பொத்தானின், சரிபார்ப்பைத் தூண்டும் ‘காஸஸ்வேலிடேஷன்’ பண்பை ‘ஃபால்ஸ்’ என்று வையுங்கள், ஆள் வெளியே வரட்டும்.