செக்யூரிட்டி வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு: எஃப்.ஐ.ஆர். வேறு, தண்டனை வேறு

ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடி கேட்டிலும் நிற்கிறவர்களின் வேலைக்கென்று தனிச் சட்டம் ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம். ஏஜென்சிக்காரர்கள் 'பசாரா' என்பார்கள். இதில் உரிமம் வாங்க வேண்டியது ஏஜென்சிதான், செக்யூரிட்டியாக நிற்கும் காவலர் அல்ல. ஆனால் காவலராக யாரை வைக்கலாம், யாரை வைக்கக்கூடாது என்று 10ஆவது பிரிவு சொல்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு அது ஒன்றுதான். அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் ஏஜென்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். இந்தியக் குடிமகனாகவோ, மத்திய அரசு அறிவிக்கும் வேறு நாட்டின் குடிமகனாகவோ இருக்க வேண்டும். 18 வயது முடிந்து, 65 ஆகாமல் இருக்க வேண்டும். பயிற்சி முடித்திருக்க வேண்டும். உடல் தகுதி வேண்டும். நடத்தையும் பின்னணியும் சரியாக இருக்கிறதா என்று ஏஜென்சிக்குத் திருப்தி வர வேண்டும். பயிற்சி என்பது மத்திய அரசின் 2006 மாதிரி விதிகளின்படி 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களம். நடைமுறையில் யூனிஃபார்மைக் கொடுத்து இன்று இரவே கேட்டில் நில் என்கிறார்கள். அது தனிக் கதை. ஆளை உட்காரவைத்துத் திருப்பி அனுப்புவது கடைசியாகச் சொன்ன பின்னணிச் சரிபார்ப்புதான்.

முதல் பொறி 10ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் இருக்கிறது. நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவரைக் காவலராகவோ மேற்பார்வையாளராகவோ வைக்கக்கூடாது என்கிறது அது. என்ன குற்றம், எத்தனை வருடத்துக்கு முன்னால் என்ற கேள்வியே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஏஜென்சி நடத்த உரிமம் கேட்கும் முதலாளிக்கு இந்த அளவு கறார் கிடையாது. அவரைத் தடுக்கும் 6ஆவது பிரிவு, இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தையும் கம்பெனி நிர்வாகத்தில் செய்த குற்றத்தையும் பற்றித்தான் பேசுகிறது. கேட்டில் நிற்கிறவருக்கு மட்டும் எந்தத் தண்டனையும் தண்டனைதான்.

இதனால் அடிபடுகிறவர்கள் திருடர்கள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர், ஐம்பத்தெட்டு வயது, மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர். பல வருடங்களுக்கு முன்னால் திருவிழா சமயத்தில் மரத்தடியில் சீட்டாடியதாகப் பிடித்திருக்கிறார்கள். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு, ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று சொல்லிக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கட்டிவிட்டு வந்தார். ஒரே நாளில் முடிந்தது என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். சரிபார்ப்பு அறிக்கையில் 'தண்டிக்கப்பட்டார்' என்று வந்தபோதுதான், குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதமும் தண்டனைக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தெரிந்தது.

ஆகவே இப்போது யாருக்காவது சில்லறை வழக்கு இருந்து, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம் என்று சொல்கிறார்கள் என்றால், ஒரு நிமிடம் நில்லுங்கள். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதல் முறை மாட்டியவரை, சிறிய குற்றமாக இருந்தால், அதன் 3ஆவது பிரிவில் கண்டித்து விட்டுவிடலாம். 4ஆவது பிரிவில் நன்னடத்தைப் பிணையில் விடலாம். இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் வராது என்று 12ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் பல நேரம் யாரும் தருவதில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். இருநூறு ரூபாய் அபராதத்துக்கு வக்கீலா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எதிர்ப்பக்கத்துப் பொறி இதைவிடப் பெரியது. தண்டனையே இல்லாதவரை, எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கழித்துக்கட்டுவது. 10ஆவது பிரிவில் எஃப்.ஐ.ஆர். என்ற சொல்லே கிடையாது. வழக்கு நிலுவையில் இருப்பது தண்டனை ஆகாது. விடுதலை ஆனது தண்டனை ஆகாது. ஊர்த் தகராறில் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) முன்னால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110ஆவது பிரிவுகளில் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரமும் தண்டனை ஆகாது. புதிய சட்டத்தில் அவை 126, 129 என்று எண் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். இவையெல்லாம் அறிக்கையில் ஒரு வரியாக வரும். அந்த வரியைப் பார்த்ததுமே ஏஜென்சி மேனேஜர் ஃபைலை மூடிவிடுவார். நிலுவை வழக்கு உள்ளவரை எடுக்கமாட்டேன் என்று சொல்ல ஏஜென்சிக்கு உரிமை இருக்கலாம். ஆனால் சட்டமே தடுக்கிறது என்று சொன்னால் அது பொய். எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு உடனே மாறும்.

அப்புறம், 'மூடப்பட்ட' வழக்குகள். ஸ்டேஷனில் கேட்டால், "அதெல்லாம் அப்பவே க்ளோஸ் ஆயிடுச்சு" என்பார்கள். ஸ்டேஷன் நோட்டில் மூடினால் போதாது. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்ற இறுதி அறிக்கை நீதித்துறை நடுவரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் பத்து வருடம் ஆனாலும் கணினியில் அது 'விசாரணையில்' என்றே நிற்கும். கொரோனா ஊரடங்கில் வண்டியோடு பிடித்துப் போட்ட வழக்குகளை நினைத்துப் பாருங்கள். வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை நீங்கலாக மற்றவற்றைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டது என்பதால் உங்கள் வழக்கு எண் தானாகப் போய்விட்டது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

எனவே போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்திலும் செயலியிலும் பெயரை வைத்தோ எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தோ தேடலாம், காசில்லை. விடுதலை ஆகியிருந்தால் அந்தக் கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், சான்றிட்ட நகல். விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் ஸ்டேஷன் ரைட்டர் பழைய பதிவேட்டைத் தேட வேண்டியதில்லை. அவர் தேடுவார் என்று காத்திருந்தால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும்.

10ஆவது பிரிவின் அதே இரண்டாவது உட்பிரிவில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. ராணுவம், போலீஸ், அரசுப் பணி, அல்லது *வேறொரு தனியார் பாதுகாப்பு ஏஜென்சியில்* ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவரையும் வைக்கக்கூடாது. கடைசி நான்கு சொற்கள்தான் ஆபத்து. சம்பளப் பாக்கி கேட்டுச் சண்டை போட்டுவிட்டு, யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவரைப் பழைய ஏஜென்சி 'டூட்டியில் ஒழுங்கீனம்' என்று எழுதி வைத்துவிட முடியும். இதற்கு ஒரே மருந்து, வாயால் சொல்லிவிட்டு வராமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குவது. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் செய்தியாவது அனுப்புங்கள்.

சரி, சரிபார்ப்பை யார் செய்வது? மாநில விதிகளுக்கு முன்மாதிரியாக இருந்த 2006 மாதிரி விதிகள் மூன்று வழிகளைச் சொல்கின்றன. ஏஜென்சி தானே விசாரிக்கலாம், காவலர் கொண்டுவரும் சான்றை ஏற்கலாம், அல்லது போலீஸ் அறிக்கையை நம்பலாம். 2020இல் வந்த புதிய மாதிரி விதிகள் குற்றப் பதிவுகளின் கணினித் தளத்தில் தேடுவதையும் சேர்த்தன. எப்படிப் பார்த்தாலும் திருப்தி அடைய வேண்டிய கடமை ஏஜென்சியுடையது. நடைமுறையில் அந்தக் கடமை அப்படியே திரும்பி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரும் காவலரின் தலையில் விழுகிறது.

தமிழ்நாட்டில் இதற்காக ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிய அவசியம் 2018லேயே போய்விட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் போலீஸ் சரிபார்ப்புச் சேவை என்று தனியாக இருக்கிறது. தனிநபர் சரிபார்ப்பு, வேலைக்கான சரிபார்ப்பு, வாடகைதாரர், வீட்டு வேலையாள் என்று நான்கு வகை. தனிநபர் என்பது நீங்கள் உங்களுக்காகப் போடுவது. வேலைக்கான சரிபார்ப்பு நிறுவனம் தன் ஆளுக்காகப் போடுவது. தொடங்கியபோது முதலாவதற்கு 500 ரூபாய், நிறுவனத்துக்கு 1000 ரூபாய். இந்த வித்தியாசத்தால்தான் பல ஏஜென்சிகள், "நீயே போட்டு எடுத்துட்டு வா" என்கின்றன. போடுவதற்கு முன் எந்த வகை வேண்டும் என்று ஏஜென்சியிடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். தவறான வகையில் போட்டால் காசும் போகும், காலமும் போகும். பணம் கட்டும்போது திரையில் வருவதுதான் கட்டணம். விசாரிக்க வருகிறவர் 'பேப்பர் செலவு', 'பெட்ரோல்' என்றால் அப்படி ஒரு கட்டணம் கிடையாது.

விண்ணப்பம் அதிகமாகச் சாவது முகவரியில். ஆதாரில் ஊர் விழுப்புரம் பக்கம், ஆள் இருப்பது அம்பத்தூரில் நான்கு பேரோடு ஒரு அறையில். விசாரணைக்குப் பகலில் வருகிறார்கள், இரவு டூட்டி பார்த்தவர் அசந்து தூங்குகிறார் அல்லது வேறு ஷிப்டில் இருக்கிறார். வீட்டுக்காரர், "அப்படி யாரும் இல்லையே" என்றுவிடுகிறார், வாடகைக்கு விட்டதைச் சொல்ல அவருக்குப் பயம். 'முகவரியில் இல்லை' என்று எழுதிப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. எனவே வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஃபோன் எண் உங்களுடையதாக இருக்கட்டும், ஏஜென்சி சூப்பர்வைசர் எண்ணைப் போடாதீர்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு தளத்தில் நிலையைப் பாருங்கள்.

கடந்த ஐந்து வருடத்தில் வேறு மாவட்டத்தில் இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். 2006 மாதிரி விதிகளின்படி, எத்தனை மாவட்டங்களில் இருந்தீர்களோ அத்தனை படிவங்கள் போக வேண்டும். திருப்பூரில் இரண்டு வருடம் பனியன் கம்பெனியில் இருந்ததைச் சொல்லாமல் விட்டுப் பிறகு தெரிந்தால், அங்கே வழக்கே இல்லாவிட்டாலும் மறைத்த குற்றத்துக்கு ஆளாவீர்கள். போலீஸ் அறிக்கை தருவதற்கு அந்த விதிகள் வைத்திருக்கும் கெடு 90 நாள். அந்த 90 நாளும் சம்பளமில்லாமல் காத்திருக்கும் ஆள் எப்படிச் சாப்பிடுவார் என்பதற்கு விதியில் பதில் இல்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் தயாராக இருங்கள். கணினியில் தேடுவது பெயர், தந்தை பெயர், முகவரி, வயதை வைத்து. முருகன், த/பெ கந்தசாமி என்று ஒரு வட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? உங்களுக்குச் சம்பந்தமில்லாத வழக்கு எண் வந்தால் உடனே அந்த எஃப்.ஐ.ஆரின் நகலைக் கேளுங்கள். வயது, ஊர், புகைப்படம் பொருந்தவில்லை என்று எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்மொழியாக இன்ஸ்பெக்டரிடம் அழுது பயனில்லை.

கைரேகை பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. வெளிநாடுகள் சிலவற்றில் காவலர் உரிமத்துக்குப் பத்து விரலும் பதிய வேண்டும். இங்கே சரிபார்ப்பு பெரும்பாலும் பெயரும் முகவரியும்தான். கைரேகை வந்து குறுக்கிடுவது முன்பு கைதானவர்களுக்கு. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தின்படி கைதானவரிடம் எடுக்கும் ரேகையை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். அதே ஆண்டு தொடங்கிய தேசியத் தானியங்கிக் கைரேகைத் தளத்தில் எந்த மாநிலப் போலீசும் தேடலாம். ஆனால் முன்பு தண்டனை எதுவும் இல்லாதவர் விடுதலை ஆனாலோ விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடுகள் முடிந்தபின், நீதிமன்றம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அந்தப் பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டத்தின் 4ஆவது பிரிவே சொல்கிறது. தானாக அழிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். மாநில அரசு நியமித்த பொறுப்பு அதிகாரிக்குத் தீர்ப்பு நகலோடு மனு போட வேண்டியது நாம்தான்.

ரேகையில் வேறொரு ஆபத்தும் உண்டு. வேலையில் சேரும் நாளில் ஒரு கட்டுத் தாளைக் காட்டி, அதில் நடுவே இரண்டு வெற்றுத் தாளையும் செருகி, 'ஃபார்மாலிட்டி' என்று கட்டைவிரலைப் பிடித்து வைக்கிறார்கள். பின்னாளில் அது ராஜினாமாவாகவும் ஆகும், சம்பளம் பெற்றுக்கொண்ட ரசீதாகவும் ஆகும். எழுதாத தாளில் கையெழுத்தும் வேண்டாம், ரேகையும் வேண்டாம்.

சேரும் முன் ஏஜென்சியின் உரிமத்தையும் பாருங்கள். அலுவலகத்தில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். உரிமம் இல்லாமல் நடத்தினால் ஓர் ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் ஐந்து ஆண்டுக்குத்தான், ஆகவே தேதியையும் பாருங்கள். புகைப்பட அடையாள அட்டை கொடுக்க வேண்டியதும் அவர்கள் கடமை.

கடைசியாக, சான்று. போலீஸ் அறிக்கையையும் தன் விசாரணையையும் வைத்து ஏஜென்சி உங்களுக்கு ஒரு நன்னடத்தைச் சான்று தர வேண்டும் என்றும், நீங்கள் வேலையை விட்டாலும் அதைத் திரும்பப் பிடுங்கக்கூடாது என்றும் 2006 மாதிரி விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளின்படி போலீஸ் தரும் சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு எதற்கு இடம் மாறும்போதெல்லாம் புதிதாகச் சரிபார்ப்பு என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள்? சான்றை ஏஜென்சிகளே வைத்துக்கொள்வதால்தான். இணையத்தில் வரும் அறிக்கையை அன்றே பி.டி.எஃப். ஆக இறக்கி, உங்கள் மின்னஞ்சலிலும் வீட்டில் படித்த பிள்ளையின் ஃபோனிலும் போட்டு வையுங்கள். அசலைக் கேட்கும் ஏஜென்சிக்கு நகலைக் கொடுங்கள். பிடித்தம் செய்தால் எதற்கு, எவ்வளவு என்று சம்பளச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அறிக்கை கெடு தாண்டியும் வரவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி எண்ணான 1100இல் புகார் பதிவு செய்யுங்கள். அப்படியும் நகரவில்லையா, பத்து ரூபாய் கட்டி, 'என் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்த அலுவலரிடம் இருக்கிறது' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள். பதில் வர 30 நாள் கெடு.